கப்பலேறாத பத்து மார்க்

எங்கள் குடும்பத்தில் கால்பந்து ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். மகன் ஆடினான், அவன் ஆடுவதை யாராவது பார்க்க வேண்டுமே. போர்ட் பிளேரில், லம்பா லைனில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து பஜாருக்குப் போகிற வழியில் மைதானம். மீன் வாங்கிய கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்து மதகில் உட்கார்ந்துவிடுவேன். மீன்மேல் ஈ மொய்க்கும். ஆட்டம் முடிகிறவரை எழுந்திருக்க மாட்டேன். பொம்பளை மைதானத்தில் உட்காரலாமா என்று ஊரில் கேட்டிருப்பார்கள். இங்கே கேட்க யார் இருந்தார்கள்? பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் மலையாளம், பின்னால் ராஞ்சிக்காரர்கள். ஒருவரை ஒருவர் குறை சொல்வதற்கும் ஹிந்தியைத் தேட வேண்டியிருந்தது. தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும்.

என் வீட்டுக்காரர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. மரைன் ஆபீசில் கிளார்க்காக இருந்தார். ஐம்பதுகளில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பலேறி வந்தவர். அவருடைய படிப்பு கணக்கில் தட்டி நின்றுபோனது. இரண்டாம் முறை எழுதியும் தேறவில்லை. அதனால் அவருக்குக் கணக்கின்மேல் வெறுப்பு வந்திருக்க வேண்டும். வந்ததோ பக்தி. கணக்குத் தெரிந்தவன் எதிரே வந்தால் செருப்பைக் கழற்றிவிடுவார் என்று நான் கேலி செய்வேன். அவர் சிரிக்க மாட்டார்.

எங்களுக்கு ஒரே மகன். ஆனால் வீட்டில் இரண்டு பிள்ளைகள் வளர்ந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு நடு அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் கொஞ்ச காலம் வேலை போட்டிருந்தார்கள். அங்கே குடியேறியிருந்த ஒரு பெங்காலி விவசாயி எங்களுக்கு அரிசியும் மீனும் கொடுத்து, ஊரும் உறவும் இல்லாத குறையைத் தீர்த்தார். அப்போது அந்தப் பக்கத்தில் பெரிய வகுப்புகள் கிடையாது. அந்த விவசாயியின் பையன் போர்ட் பிளேருக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கிப் படித்தான். என்னை மாசி என்று கூப்பிடுவான். அவர்கள் பாஷையில் சித்தி. ரசத்தைச் சோற்றில் ஊற்றாமல் டம்ளரில் வாங்கிக் குடிப்பான். வெள்ளிக்கிழமை மீன் இல்லை என்றால், யாரோ செத்துப்போன வீட்டில் இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வான். என் மகனுக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே டீம். ரங்கத்துப் பிள்ளை நடுவில் நின்று பந்தைத் தள்ளுவான். என் மகன் லெஃப்ட் விங். இடது காலில் அவன் பந்தை வாங்கிக்கொண்டு கோட்டோரமாக ஓடும்போது எனக்கு மூச்சு நின்று நின்று வரும்.

பள்ளிக்கூடத்தில் கடைசி வருடங்களுக்கு இரண்டு குரூப் இருந்தன. உயர்கணக்கும் விஞ்ஞானமும் ஒன்று, சரித்திரமும் பூகோளமும் படிக்கும் ஜெனரல் குரூப் மற்றொன்று. எங்கள் ஹெட்மாஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கணக்கு குரூப் பிள்ளைகளுக்கு மொத்தத்தில் பத்து மார்க் கூட்டிப் போட்டுத்தான் பள்ளியின் முதல் மூன்று பேரைத் தேர்ந்தெடுப்பார். அந்த மூவருக்கும் அசெம்பிளியில் நீல நிற பேட்ஜ் கொடுப்பார். ஹானர்ஸ் பேட்ஜ் என்று பெயர். நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. மேட்டில் ஏறுகிறவனையும் சமதரையில் நடக்கிறவனையும் ஒன்றாகவா அளப்பது?

என் மகன் ஜெனரல் குரூப் எடுக்க ஆசைப்பட்டான். கணக்கு குரூப்புக்கு மாலையில் தனி வகுப்பு உண்டு, ஆட்டம் கெடும். அப்பாவிடம் நேராகவே சொன்னான். கையிலிருந்த காப்பியை அவர் கீழே வைத்துவிட்டார்.

"ஏல, சுளுவான பாடத்தை எடுத்து மார்க் வாங்குதது, ஸ்டாண்டு போட்ட சைக்கிளை மிதிக்க மாதிரி. காலுதான் வலிக்கும், ஒரு ஊருக்கும் போய்ச் சேர மாட்ட."

"அவனுக்குப் பிடிச்சதைப் படிக்கட்டுமே" என்றேன் நான்.

"ஒனக்கு என்னட்டி தெரியும்? மெயின்லேண்ட்ல போய்க் கேட்டுப் பாரு. கணக்கு எடுத்தியான்னுதான் மொதல்ல கேப்பான்."

மெயின்லேண்ட் என்ற சொல்லை எடுத்துவிட்டால் எங்கள் ஊரில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அங்கே நல்ல டாக்டர் இருந்தார், நல்ல வெங்காயம் இருந்தது, அங்கே இருக்கிற மனிதர்களுக்கு எல்லாம் தெரியும். மகன் கணக்கு எடுத்தான். ரங்கத்துப் பிள்ளை ஜெனரலுக்குப் போனான்.

கடைசி வருடம், போர்டு பரீட்சைக்கு முன்னால் பள்ளியே நடத்தும் பரீட்சையில், என் மகன் மூன்றாவதாக வந்தான். பத்து மார்க் சேர்த்துத்தான். சேர்க்காவிட்டால் அந்த இடம் ரங்கத்துப் பிள்ளையுடையது. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். மகனுடைய சட்டைப் பையில் நான் பேட்ஜைத் தைத்ததை அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு இருவருக்குமாகப் பாயசம் வைத்தேன். என் வீட்டுக்காரர் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார். ஆபீசில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். மறுநாள் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா என்னிடமே வந்து, "படா ஹோஷியார் லட்கா", ரொம்பக் கெட்டிக்காரப் பையன் என்று கன்னத்தில் கைவைத்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

போர்டு பரீட்சை முடிந்த விடுமுறையில் மெட்ராஸ் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கால்பந்து டீம் கப்பலில் வந்தது. இங்கே சில ஆட்டங்கள் ஆடிவிட்டு, கப்பல் திரும்பும்போது அவர்களும் திரும்புவதாக ஏற்பாடு. கூட வந்த விளையாட்டு மாஸ்டர் தலை நரைத்த, தாழ்ந்த குரலில் பேசுகிற மனிதர். எங்கள் பிள்ளைகளோடு அவர்கள் ஆடியது மழை தொடங்கிவிட்ட ஒரு நாள். எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்தச் சேற்றில் பூட்ஸ் போட்டவர்கள் வழுக்கி விழ, என் மகன் கோட்டோரமாகவே இரண்டு முறை போய் இரண்டு கோல் போட்டான். பந்தைக் கொடுத்தது இரண்டு முறையும் ரங்கத்துப் பிள்ளை. நான் மதகின்மேல் எழுந்து நின்று கத்தினேன். கூடை சரிந்து மீன் சாக்கடையில் விழுந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் வெறும் பருப்புதான்.

ஆட்டம் முடிந்ததும் அந்த மாஸ்டர் இருவரையும் கூப்பிட்டுப் பேசினார். அவர் கல்லூரியில் ஒரு இடம் இருக்கிறது. படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் கல்லூரி பார்த்துக்கொள்ளும். முதலில் என் மகன். அவன் வராவிட்டால் மற்றவன். ஆனால் விளையாட்டுக்கு எடுக்கிற பிள்ளையாக இருந்தாலும் போர்டு பரீட்சையில் இவ்வளவு மொத்தம் வேண்டும் என்று கல்லூரி ஒரு கோடு போட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் போதும், இதே கப்பலில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார்.

மகன் ஓடிவந்து சொன்னபோது அவன் பல்லிலும் சேறு இருந்தது. என் வீட்டுக்காரர் முதல்முறையாகக் கால்பந்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னார். "பரவால்லியே" என்றார்.

கப்பல் கிளம்புவதற்கு முன்பே மார்க்குகள் வந்தன. அந்த வருடம் கணக்குத் தாள் பிள்ளைகளை அழவைத்த தாள். என் மகனுக்குக் கல்லூரி போட்ட கோட்டுக்கு நான்கு மார்க் குறைந்தது. ரங்கத்துப் பிள்ளை கோட்டைத் தாண்டியிருந்தான்.

என் வீட்டுக்காரர் கலங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. "நாலுதானே? பத்து இருக்கே" என்றார். ஹெட்மாஸ்டர் கூட்டிய பத்து, மழையும் வெயிலும்போல எல்லா ஊருக்கும் உண்டு என்று அவர் நம்பினார். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். மகனைப் பேட்ஜ் தைத்த சட்டையைப் போடச் சொன்னார். மாஸ்டர் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுசுக்கு மூவரும் போனோம். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன்.

மாஸ்டர் எங்களை உட்காரவைத்தார். பேட்ஜைப் பார்த்துவிட்டு, "பெரிய விஷயம் சார்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

"சார், இவன் உயர்கணக்கு. எங்க ஸ்கூல்ல அதுக்குப் பத்து மார்க் கூட. அதைச் சேத்தா உங்க கோட்டுக்கு மேலேயே வந்துருதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது உங்க ஸ்கூல் மரியாதைக்குக் குடுக்கறது சார். எங்க பிரின்ஸிபால் போர்டு மார்க்கை மட்டும்தான் பார்ப்பார். எந்தப் பாடம்னு கேட்க மாட்டார்."

"கணக்குன்னு சொல்லிப் பாருங்களேன்."

"சொன்னாலும் அந்தப் பத்து கப்பல் ஏறாது சார்."

மாஸ்டர் என் மகனைப் பார்த்தார். அந்த மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர். நல்லவர்களால்தான் சில சமயம் அதிகம் வலிக்கிறது. "ஜெனரல் குரூப் எடுத்திருந்தா, தம்பி, இந்நேரம் உன் பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பேன்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் மழை. ஸ்டாண்டு போட்ட சைக்கிள்தான் மெட்ராஸ் போகிறது என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். மகன் எங்களுக்கு முன்னால் தனியாக நடந்தான். நனைந்த சட்டையில் பேட்ஜின் நீலம் இறங்கிப் பைமேல் கறையாகியிருந்தது.

வீட்டில் ரங்கத்துப் பிள்ளை அடுப்படியில் வந்து நின்றான். "மாசி, நான் போகாது. ஓ உஸ்கா சீட் ஹை. அவன் சீட்" என்றான். கண் சிவந்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பிள்ளைமேல் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. அவன்மேலும்தான். என் சோற்றைத் தின்று என் பிள்ளையின் இடத்துக்குப் போகிறானே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மறுநிமிஷம், பேட்ஜை நான் தைத்தபோது இவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு இவன் வயிறு எரியவில்லையா?

நான் பதில் சொல்வதற்குள் என் மகன் உள்ளேயிருந்து ரங்கத்துப் பிள்ளையின் டிரங்குப் பெட்டியைத் தரதரவென்று இழுத்து வந்து நடுவீட்டில் போட்டான். "ஜா, பாகல்" என்றான், போடா பைத்தியம் என்று. அவ்வளவுதான். இருவரும் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. பெட்டியில் துணியை அடுக்கினார்கள்.

ரங்கத்திலிருந்து அவன் அப்பா வந்து சேர நேரமில்லை. கப்பல் நிற்கிற துறைக்கு நாங்கள்தான் போனோம். நான் புளிச்சோறும் பொரித்த மீனும் கட்டிக் கொடுத்தேன். புளிச்சோற்றுக்கு மீனா என்று யாராவது கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். அவன் என் காலைத் தொட்டான், என் வீட்டுக்காரர் காலைத் தொட்டான். அவர் அவன் தலையில் கை வைத்தார். கையை எடுக்க வெகுநேரம் ஆனது. கப்பல் ஊதியது. மேல்தட்டில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவில் அவன் நின்று கையாட்டினான். என் மகனும் கப்பல் திரும்பி மறைகிறவரை கையாட்டினான்.

என் மகன் கெட்டுப்போகவில்லை. பின்னால் ஹார்பரில் வேலைக்குச் சேர்ந்தான், கல்யாணம் செய்துகொண்டான், நன்றாகத்தான் இருக்கிறான். ரங்கத்துப் பிள்ளை லீவுக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் முதல் சாப்பாடு. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கப்பல் போன மறுநாள் மாலை என் மகன் மைதானத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தலையைத் தொட்டால் தள்ளிவிட்டான்.

அந்த இரண்டாம் நாள், ஆபீஸ் விட்டும் என் வீட்டுக்காரர் வந்து சேரவில்லை. மழை வலுத்தது. குடையை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். மைதானத்தில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் உட்காருகிற மதகுக்குப் பக்கத்தில், ஆபீஸ் சட்டையோடு, கையிலிருந்த குடையை விரிக்காமல், நனைந்துகொண்டு அவர் நின்றார்.

பக்கத்தில் போய் என் குடையை அவர் தலைக்கு நீட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இவன் எங்கன நின்னு ஆடுவான்?" என்று கேட்டார்.

நான் இடதுபக்கக் கோட்டைக் காட்டினேன். அங்கே வேறு யாரோ ஒரு பையன் நின்றிருந்தான். பந்து அந்தப் பக்கம் போனபோதெல்லாம் என் வீட்டுக்காரர் ஒரு அடி முன்னால் வைத்தார். ஆட்டம் முடிகிறவரை இருவரும் நின்று பார்த்தோம்.