கு.க. என்றால் குழந்தை கவனிப்பு

குமாரபாளையத்தில் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சௌந்திரத்தைப் பற்றி ஒரே மாதிரிதான் சொல்வார்கள். வாயில்லாப் பூச்சி, மாமியார் கிழித்த கோட்டைத் தாண்டாதவள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மருமகளா என்பார்கள். தெருவுக்கு என்ன தெரியும்! பதினோரு வருஷமாக ஒரு பழியை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு, அதே வீட்டில் அரிசி களைந்து, அதே மாமியாருக்குக் குளிக்க வெந்நீர் விளாவிக் கொடுத்தவள் அவள்.

அவள் ஆட்டையாம்பட்டிக்காரி. தாயை விவரம் தெரியும் முன்பே பறிகொடுத்தவள். இருபது வயதில் கந்தவேலைக் கட்டிக்கொண்டு எட்டு விசைத்தறி ஓடுகிற வீட்டுக்கு வந்தாள். கந்தவேல் குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். அம்மா அங்கம்மாள் சொன்னால் உட்காருவான், சொன்னால் எழுந்திருப்பான், அவ்வளவுதான். நாலு பெண்ணுக்கு அப்புறம் பிறந்தவன். "நாலு பொட்டைக்கு அப்பறம் தவமிருந்து பெத்த தங்கமாக்கும்" என்று அங்கம்மாள் நாளைக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவாள்.

முதல் குழந்தை இனியா பிறந்தபோது அங்கம்மாள் பெரிய மனசு பண்ணினாள். "போகட்டும் அம்மிணி, மொதல்ல மகாலட்சுமி. அடுத்தது சிங்கக்குட்டியா இருக்கோணும்." சிங்கக்குட்டியை உத்தரவு போட்டு வாங்குகிற மாதிரி பேச்சு.

இரண்டாவது பிரசவம் பொங்கல் கழிந்த வாரம், அரசு ஆஸ்பத்திரியில். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "பெண் குழந்தைங்க" என்றாள். அங்கம்மாள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நேராக வார்டுக்குள் வந்து, ஒயர் கூடையை எடுத்து, டிபன் கேரியரை வைத்தாள், மாற்றுத்துண்டை வைத்தாள், கடைசியாக வெந்நீர் ஃபிளாஸ்க்கையும் எடுத்தாள்.

"அத்தை, ஃபிளாஸ்க் இருக்கட்டுங்க. சுடுதண்ணிக்கு என்ன பண்ணுவேன்?" என்றாள் சௌந்திரம்.

"ரெண்டாவதும் பொட்டையப் பெத்துப் போட்ட சீருக்கு சுடுதண்ணி ஒண்ணுதான் கேடு!"

பின்னாலேயே கந்தவேல் நின்றான். பிள்ளையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். "தறியில பாவு நூல் தீந்துருச்சு. புதுப் பாவு பிணைக்க ஆள் வந்திருப்பாங்க. பாத்துட்டு வாரேன்" என்றான்.

வாரேன் என்று போனவன் வரவேயில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஏழு நாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தால் இருபது நிமிஷம். எட்டுத் தறிக்கும் சேர்த்துப் பாவு பிணைத்தாலும் ஏழு நாள் ஆகுமா?

பக்கத்துக் கட்டிலில் தஸ்னீம் என்று ஒரு பெண். அவளுக்குத் துணையாக வந்திருந்த அம்மா வஹீதுன்னிசா, வெங்காய மண்டிக்காரர் வீட்டு அம்மாள், இரண்டாம் நாளே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். ஒன்றும் தூண்டித் துருவிக் கேட்கவில்லை. மகளுக்கு ஒரு டம்ளர் கஞ்சி ஊற்றினால் சௌந்திரத்துக்கும் ஒரு டம்ளர் ஊற்றினாள். "குடிம்மா. பால் ஊறணும்ல" என்பாள். அந்தக் கஞ்சியைக் குடிக்கும்போதெல்லாம் சௌந்திரத்துக்குக் கண்ணீர் வராது, பல்லைத்தான் கடித்துக்கொள்வாள்.

மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் ஒரு நோட்டோடு வந்து, காப்பி யாருக்கு வேண்டும் என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "யார் யாருக்குக் கு.க. பண்ணணும்? சொல்லுங்க."

கு.க. என்றால் குடும்பக் கட்டுப்பாடு. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு முழுசாகச் சொல்ல நேரம் ஏது? சௌந்திரம் கையைத் தூக்கினாள்.

"ஊட்டுக்காரர் கிட்டக் கேட்டியாம்மா?"

"கேக்கோணுங்களா?"

"உன் கையெழுத்தே போதும். ஆனா அப்பறம் யாரும் வந்து வார்டுல சண்டை கட்டக் கூடாது."

"சண்டை கட்டறதுக்காச்சும் ஒருத்தர் வந்தாத் தேவலையே சிஸ்டர்" என்றாள் சௌந்திரம்.

டாக்டரம்மாவும் உட்காரவைத்துப் பேசினாள். இது நிரந்தரம், பின்னால் மனசு மாறினால் கஷ்டம், வேறு வழிகளும் இருக்கின்றன என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். சௌந்திரம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். சிறு குடும்பம், சீரான வாழ்வு என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. பொய் எதற்கு? அவள் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். இந்த வயிற்றில் இனி அங்கம்மாளுக்கு ஒன்றும் கிடையாது. கேட்டுக் கேட்டு வாய் வலிக்கட்டும்.

ஆபரேஷன் அறைக்குப் போகும்போது பிள்ளையை வஹீதுன்னிசாதான் மடியில் வாங்கிக்கொண்டாள். ஃபாரத்தில் 'உடனிருப்பவர்' என்ற இடத்தில் யார் பெயர் என்று கேட்டதற்கு, "என் பேரை எழுதுங்க" என்றாள். சீட்டிலும் அப்படியே எழுதினார்கள்: வஹீதுன்னிசா, பக்கத்துப் படுக்கை.

எட்டாம் நாள் சௌந்திரம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அங்கம்மாள் தறிக்கூடத்து வாசலில் நின்றாள். "வந்துட்டியா? சரி சரி. அடுத்தது பையனாப் பெத்துக் குடுத்துரு சாமி, பழசெல்லாம் நான் மறந்துடறேன்" என்றாள்.

இவள் மறந்துவிடுவாளாம்! கேட்டீர்களா அநியாயத்தை? சௌந்திரம் "சரிங்கத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே கந்தவேல் ஆஸ்பத்திரிச் சீட்டைப் புரட்டினான். எட்டாவது வரை படித்தவன். "இதென்ன, கு.க. செய்யப்பட்டதுன்னு போட்டிருக்குது?"

சௌந்திரம் பிள்ளைக்கு நாப்கின் மடித்துக்கொண்டே, "குழந்தை கவனிப்புங்க" என்றாள்.

"ஓ" என்றான் அவன். தீர்ந்தது. வயிற்றில் இருந்த தையலைப் பற்றி அவன் கேட்கவேயில்லை. பிரசவம் என்றால் தையல் இருக்கும் என்று நினைத்திருப்பான்.

அதற்குப் பிறகுதான் பாருங்கள் வேடிக்கை. ஒரு வருஷம் ஆயிற்று, இரண்டு வருஷம் ஆயிற்று, ஒன்றும் காணோம். அங்கம்மாள் வேண்டுதலில் இறங்கினாள். முதலில், மருமகள் மூன்று அமாவாசை திருச்செங்கோட்டு மலைப்படி ஏறட்டும் என்றாள். சௌந்திரம் ரொம்பப் பணிவாக, "ஏறறனுங்கத்தை. ஆனா நேந்துக்கிட்டவங்க தான் செய்யோணுமாம், இல்லாட்டிப் பலிக்காதாம். பூசாரியே சொன்னாருங்க" என்றாள். எந்தப் பூசாரியும் சொல்லவில்லை. ஆயிரத்துச் சொச்சம் படியை அங்கம்மாள்தான் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். சௌந்திரம் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு போனாள். அங்கம்மாள் மண்சோறு தின்றாள். மாரியம்மனுக்குக் குண்டம் இறங்கினாள், பாதம் கொப்பளித்தது. சௌந்திரம்தான் பத்து நாள் உட்கார்ந்து களிம்பு போட்டாள். பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. இருந்தது என்று சொன்னால் பொய்.

எல்லாவற்றுக்கும் மேலே காப்பி. அங்கம்மாளுக்கு உயிரே காப்பிதான். அதைப் பேரன் பிறக்கும் வரை தொடுவதில்லை என்று சாமி முன்னால் சத்தியம் பண்ணிவிட்டாள். அன்றிலிருந்து சௌந்திரம் தினமும் காலையில் கெட்டியாக ஒரு டம்ளர் காப்பி கலந்து, நுரை பொங்க ஆற்றி, அங்கம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்து நிதானமாகக் குடிப்பாள். மூக்கு நுனிக்கு வாசம் போகிற தூரத்தில். எட்டொன்பது வருஷமாக ஒரு நாள்கூடத் தவறவில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் அவளை உறுத்தியது. பிரீத்தி, அந்த இரண்டாவது பெண், வளர்ந்துகொண்டு வந்தாள். கால் கொப்பளித்தாலும், முட்டி வலித்தாலும் அங்கம்மாள் அவளைப் பார்த்துத்தான், "நீ பையனாப் பொறந்திருந்தா எனக்கு ஏன்டி இந்தப் பாடு?" என்பாள். பிள்ளை முகம் சுண்டிப்போகும். அப்போதெல்லாம் சொல்லித் தொலைத்துவிடலாமா என்று சௌந்திரத்துக்கு வாய் வரை வரும். இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று விழுங்கிக்கொள்வாள்.

போன தை மாதம் அங்கம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. சாமியை நம்பியது போதும் என்று தரகர் தங்கமுத்துவைக் கூப்பிட்டு அனுப்பினாள். கந்தவேலுக்கு இன்னொரு பெண் பார்க்க வேண்டுமாம், கோயிலில் சும்மா ஒரு தாலியாம். சௌந்திரமும் பெண்களும் பின்கட்டு அறைக்கு மாறிக்கொள்ள வேண்டுமாம். "இஷ்டமில்லைன்னா ஆட்டையாம்பட்டிக்குக் கெளம்பட்டும்." கந்தவேல் வழக்கம் போலத் தலையைச் சொறிந்தான். அம்மா சொன்னால் தாலியும் கட்டிவிடுவான் என்று சௌந்திரத்துக்குத் தெரியும்.

தங்கமுத்து யார் என்று சொல்ல வேண்டும். கல்யாணத் தரகு அவருக்குப் பென்ஷனுக்குப் பிந்திய தொழில். அதற்கு முன் முப்பத்தைந்து வருஷம் சுகாதாரத் துறையில், வீடு வீடாக ஏறி இறங்கிக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடித்தவர். நாலாவது பெண் பிறந்த கையோடு அங்கம்மாளிடமும் வந்தார், அவள் விளக்குமாற்றை எடுத்தாள், அவர் சைக்கிளை எடுத்தார். "பொறக்கறதை நிறுத்தி நிறுத்திப் பாவம் சேத்தாச்சு, இப்ப சேத்து வெச்சுக் கழிச்சுக்கறேன்" என்று சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை, தறிகளுக்கு விடுமுறை. வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழும் ஒரே நாள். தங்கமுத்து நாற்காலியில் சாய்ந்து, "இளம்பிள்ளையில ஒரு இடம் இருக்குதுங்க. ஆனா மொதல் சம்சாரத்துக்கு ஏன் உண்டாகலைன்னு கேக்கறாங்க. ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றார்.

"சௌந்திரம், அந்தப் பழைய ஃபைலைக் கொண்டா" என்றான் கந்தவேல்.

ஒளித்துவிடலாம், தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். சௌந்திரம் அதை நேற்றே பீரோவிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருந்தாள். கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். பிரீத்தி வந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் ஒழுங்காத்தான் பாத்திருக்காங்க. இதோ பாருங்க, கு.க. கூடப் பண்ணியிருக்காங்க" என்று கந்தவேல் விரலை வைத்துக் காட்டினான்.

தங்கமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "கு.க.ன்னா என்னன்னு தெரியுமுங்களா தம்பி?"

"குழந்தை கவனிப்புங்க."

அவ்வளவுதான். தங்கமுத்து சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது, கண்ணாடி மடியில் விழுந்தது. "குழந்தை கவனிப்பா! அட என்ற சாமீ! முப்பத்தஞ்சு வருஷம் இந்த ரெண்டு எழுத்தை வெச்சுத்தானுங்க சோறு தின்னேன். குடும்பக் கட்டுப்பாடுங்க! பதினோரு வருஷத்துக்கு முந்தியே முடிஞ்ச கேஸுங்க இது!"

அங்கம்மாள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! குண்டத்துல எறங்குனேனேடி! எனக்குத் தெரியாம எப்படி? எப்படீன்னு கேக்கறேன்!"

"ஏழு நாளுங்கத்தை" என்றாள் சௌந்திரம். குரல் உயரவில்லை. "ஏழு நாள்ல ஒருத்தர், ஒரே ஒரு தடவை எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒளிச்சு வெக்கலை. பொது வார்டுலதான் படுத்திருந்தேன். அதுலயே எழுதியிருக்குது, கூட இருந்தது யாருன்னு படிக்கச் சொல்லுங்க."

தங்கமுத்துவின் சிரிப்பு அடங்கிவிட்டது. "வஹீதுன்னிசா, பக்கத்துப் படுக்கை" என்று மெதுவாக வாசித்தார்.

"என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்" என்று முனகினான் கந்தவேல்.

"சொல்லியிருப்பனுங்க. வாரேன்னு போனீங்களே, வந்திருந்தாச் சொல்லியிருப்பேன். ஏனுங்க, பாவு பிணைச்சு முடிஞ்சுதுங்களா?"

தங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பெத்தவளை ஆஸ்பத்திரியில அநாதையா விட்ட ஊட்டுக்கு நான் எந்த மொகத்தோட போய்ப் பொண்ணு கேக்கறது? என்னால ஆகாதுங்க" என்றார். சாயங்காலத்துக்குள் ஆற்றுப் பாலம் தாண்டி பவானி வரைக்கும் அவர் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். இனி எவன் பெண் கொடுப்பான்?

சௌந்திரம் பதினோரு வருஷமாகக் காத்திருந்த நேரம் இதுதான். நெஞ்சு குளிர்ந்துகொண்டிருந்தபோது பிரீத்தி முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, நான் பொறந்தப்ப யாருமே வரலையா? என்னை மொதல்ல தூக்குனது நாந்தான்னு அப்பத்தா சொன்னாங்களே?"

பழியில் ஒரு பங்கு இந்தப் பிள்ளை தலையிலும் விழும் என்பதைச் சௌந்திரம் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அவள் பிரீத்தியை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "வஹீதுன்னிசான்னு ஒரு அம்மா தூக்குனாங்க கண்ணு. நல்லாத் தூக்குனாங்க. நாளைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்." பிறகு அங்கம்மாள் பக்கம் திரும்பினாள். "அவளுக்குப் பதில் சொல்லுங்கத்தை. நானும் கேட்டுக்கறேன்."

அங்கம்மாள் சுவரோரமாக அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

சௌந்திரம் சமையலறைக்குப் போனாள். பரணிலிருந்து அந்த ஆஸ்பத்திரி ஃபிளாஸ்க்கை இறக்கினாள். பச்சைப் பூப்போட்டது, மூடியில் ஒரு நசுங்கல். அதைக் கழுவி, கெட்டியாகக் காப்பி கலந்து, அதில் ஊற்றிக் கொண்டுவந்தாள். அங்கம்மாள் முன்னால் டம்ளரை வைத்து, ஃபிளாஸ்க்கைத் திறந்து ஊற்றினாள்.

"குடிங்கத்தை. இனி யாருக்காக நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

அங்கம்மாள் ஃபிளாஸ்க்கைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. டம்ளரை எடுத்து வாயில் வைத்தாள். நாக்கு சுட்டு முகம் கோணியது. சௌந்திரம் ஆற்றிக் கொடுக்கவில்லை.