பறவைகளுக்குப் போட்ட செக்ரோல்

கொடகவெலயிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால் வரும் குளக்கரையில், பறவை பார்ப்பதற்கென்று ஒரு மரக் கோபுரம் இருந்தது. அதன் ஏணியில் பாதி வழியில் நான் நின்ற நிலை இன்றும் நினைவிருக்கிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

என்னைக் கூட்டிப் போனவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர்; நான் அங்கே சின்னக் கிளாக்கர். மழை ஓய்ந்ததும் கடல் தாண்டி வரும் பறவைகளைப் பார்க்க வருஷம் தவறாமல் போவார். சிங்களம் அவருக்குச் சரியாக வராது. எனக்கோ தண்ணீர் பட்ட பாடு. "நீ வாயைப் பாத்துக்க, நான் வானத்தப் பாத்துக்கிறேன், வாடா" என்பார். பழக்கதோஷம், பறவைகளுக்கும் செக்ரோல் போடுவார். தோட்டத்தில் ஆள் வரவு எழுதுகிற அதே தாள், அதே கட்டங்கள். ஊசிவால் வாத்துக்கு ராமாயி, உப்புக்கொத்திக்கு மூக்கன் என்று தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயத்து ஆட்களின் பெயர்களையே வைத்திருந்தார்.

வடக்கே சண்டை மும்முரமாக நடந்த காலம். நான் ஏணியில் பாதி வழியில் இருக்கும்போது, அணைக்கட்டுக் காவலுக்கு நின்ற சிப்பாய்கள் இரண்டு பேர் கோபுரத்தடிக்கு வந்தார்கள். பெரிய கிளாக்கர் கையில் தொலைநோக்கி ஒன்று, தமிழில் பெயர்கள் எழுதிய தாள் ஒன்று. என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

"குருவிங்க பேருன்னு சொல்லுடா" என்றார் பெரிய கிளாக்கர்.

நான் சிங்களத்தில் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நான் சொன்னது வேறு: இந்த ஆளை எனக்குத் தெரியாது, பஸ்ஸில் பார்த்ததுதான். பிசகில்லாத சிங்களம். அவர் அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்குச் சுலபமான சிங்களமும்கூட.

அவரை ஏற்றிப் போனார்கள். என் பையில் அவருடைய சோற்றுப் பார்சல் இருந்தது. திரும்பும் பஸ்ஸில் அதையும் தின்றேன். பயந்தால் பசிக்கும் உடம்பு எனக்கு. கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது சனம் இந்த இடத்தில்தான் விழுந்து விழுந்து சிரிக்கும். அதோடு நிறுத்திக்கொள்வேன்.

மூன்றாம் நாள் தோட்டத்து மேனேஜர் துரை போய்ப் பேசி அவரை அழைத்து வந்தார். பெரிய கிளாக்கருக்கு ஒரு காது மந்தமாகியிருந்தது. நான் ஆபீசில் அவர் மேசையருகே போய் நின்றேன்.

"பயந்துட்டேங்க ஐயா."

"பரவாயில்லீங்க. உக்காருங்க."

அதன்பின் ஆறு வருஷம் எதிரெதிர் மேசையில் வேலை பார்த்தோம். ஒரு நாளாவது என்னை 'டா' போட்டுக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன்.