நியூட்ரல் பண்ணச் சொன்னவள்

எங்கள் ஊரில் துடைக்கிற துணிக்காக யாரும் கடைக்குப் போக மாட்டார்கள். பனியன் கம்பெனிகளில் வெட்டிக் கழித்த துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அதற்குப் பெயர் வேஸ்ட். வண்டி துடைக்க வேஸ்ட், அடுப்பு துடைக்க வேஸ்ட், குழந்தையின் மூக்கைத் துடைக்கவும் அதேதான். அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் நான் பியூட்டி பார்லர் வைத்தபோது, வருகிறவர்களின் காலைத் துடைக்கவும் அதையே வைத்துக்கொண்டேன். மெத்தென்று இருக்கும். ஒரே துண்டில் மூன்று பேர் காலைத் துடைத்துவிட்டு, பெடிக்யூர் தொட்டியையும் அதிலேயே ஒரு வழி வழித்து வைத்துவிடுவோம். புதுத் துணிதானே, யார் உடம்பிலும் பட்டதில்லையே என்று வாதாடுவேன். முதல் காலுக்கு அது புதுசு. மூன்றாவது காலுக்கு? அந்த அளவுக்கு யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.

புத்தி வர வைத்தது ஒரு கட்டை விரல். சொந்தமாகக் கம்பெனி வைத்திருக்கிற குடும்பத்து அம்மா ஒருவர், மகள் நிச்சயதார்த்தத்துக்காக எங்களிடம் காலைச் சுத்தம் செய்துகொண்டு போனார். பத்தாம் நாள் செருப்புப் போட முடியாமல் வந்து நின்றார். நகத்தோரம் சீழ் வைத்து, விரல் பழுத்த மிளகாய் போல இருந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருக்கும்போதே ஆரம்பித்தார்.

"ஏனுங்க, இது பார்லருங்களா, இல்ல ஆஸ்பத்திரிக்கு ஆள் புடிச்சு அனுப்புற எடமுங்களா? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்."

எங்கள் ஊரில் இப்படித்தான். கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உட்கார்ந்திருந்த மூவரில் இருவர், வேறொரு நாள் வருகிறோம் என்று எழுந்து போனார்கள்.

அன்று இரவு சாப்பிடும்போது கணவரிடம் கத்தினேன். அவர் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். "இதுக்குப் போயி ஏன் அம்மணி இந்தக் கத்துக் கத்தற? பிளீச் கொண்டாந்து தர்றேன். ஒரு கிருமி உசுரோட இருக்காது" என்றார். மறுநாள் வெள்ளைக் கேனில் துணி வெளுக்கிற பிளீச் வந்தது. அது மட்டும் போதாது, அசிட்டிக் ஆசிடும் வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார்.

"நியூட்ரல் பண்ண வேண்டாமுங்களா?"

விழுந்து விழுந்து சிரித்தார். சாயப்பட்டறை வீடுகளில் இந்த வார்த்தை உப்பு, புளி மாதிரி புழங்கும். துணியை வெளுத்த பிறகு பிளீச் காரம் அதிலேயே தங்கினால் துணி பொத்துப் போய்விடும். அதனால் அலசி எடுத்து, ஆசிட் விட்டு அந்தக் காரத்தை முறிப்பார்கள். அதுதான் நியூட்ரல். இருபது வருடமாகக் காதில் விழுந்துகொண்டே இருந்ததால், எனக்கும் அந்தத் தொழில் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். காலை வைக்கிற தொட்டியாயிற்றே, காரம் தங்கினால் தோல் போய்விடாதா என்பது என் கணக்கு.

"மாஸ்டர் பொண்டாட்டின்னாச் சும்மாவா!" என்று சொல்லிவிட்டு, "ஆனா ஒண்ணு. நடுவுல நல்லா அலசோணும். அலசாம ஊத்துனா கேஸ் கெளம்பிரும், பாத்துக்க" என்றார். இதை அவர் சொன்னார், நான் கேட்டேன். கேட்கவில்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

பார்லரில் என்னோடு ஓர் அக்கா வேலை செய்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் பனியன் வேலைக்கு வந்தவர். கணவர் இறந்த பிறகு ஒரே மகளைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தார். தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங்கில் நாள் முழுக்க நின்று முழங்கால் போனதால், உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டு என்னிடம் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். பெடிக்யூருக்கு அவர் கை மாதிரி ஒரு கை அமையாது. காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டால், வந்தவர்கள் கண்ணை மூடிவிடுவார்கள்.

அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொருவரும் போன பிறகு தொட்டியில் பிளீச் ஊற்ற வேண்டும், பத்து நிமிடம் ஊற வேண்டும், இரண்டு தடவை அலசி, அப்புறம் ஒரு மூடி ஆசிடும் தண்ணீரும் விட்டு நியூட்ரல் பண்ண வேண்டும். "துணி வெளுக்கத மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தார். சிரித்தாலும் ஒரு நாள்கூடத் தப்பாமல் செய்தார். நான் வாசலில், 'இங்கு அனைத்தும் கிருமி நீக்கம் செய்யப்படுகிறது' என்று பெரிய எழுத்தில் போர்டு மாட்டினேன். என்னைக் கையில் பிடிக்க முடியாது அப்போது.

பெடிக்யூர் அறை உள்ளே இருந்தது. சின்ன அறை, ஜன்னல் கிடையாது. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு விட்ட ஓட்டை ஒன்று இருந்தது. ஏசிக் குளிர் அது வழியாக வெளியே போகிறது என்று அதிலும் வேஸ்ட் துணியைத் திணித்து அடைத்து வைத்திருந்தேன். அடைத்ததும் நான்தான்.

அது ஒரு முகூர்த்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிகளுக்கு லீவு, பார்லரில் நிற்க இடமில்லை. மாடித் தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது, லாரித் தண்ணீர் மதியத்துக்கு மேல்தான் என்றார்கள். முன்னறையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு நான் புருவம் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மேடம், தொட்டியில பிளீச் கெடக்கு. அலசத் தண்ணி காணாதே. ஒரு வாளிதான் இருக்கு."

"அந்த வாளி அடுத்த காலுக்கு வேணுமுங்கக்கா. அலசவெல்லாம் வேண்டாம், அப்படியே நியூட்ரல் பண்ணிக் கொட்டிருங்க."

"அலசாமலா?"

"நான்தான் சொல்றேனில்லீங்க!"

நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். காத்திருந்தவர்கள் முன்னால் வேலைக்காரி என்னைக் கேள்வி கேட்கிறாளே என்ற கொழுப்பு அது. வேறொன்றுமில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கா மறுபடியும் கதவைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது. "நெடி தாங்கலை மேடம். கண்ணு எரியுது. கதவைத் தெறந்து போட்டுக்கிடட்டா?"

"ஏசி ஓடுதுங்கக்கா. சாத்துங்க."

சாத்திக்கொண்டார்.

பிறகு வாளி உருண்ட சத்தம் கேட்டது. கதவைத் திறந்தபோது என் மூச்சே நின்றுவிட்டது. மிளகாயை அடுப்பில் கொட்டியதுபோல ஏதோ ஒன்று தொண்டைக்குள் போய்ப் பிடித்தது. அக்கா தரையில் முட்டிபோட்டு, சுவரைக் கையால் பிறாண்டிக்கொண்டிருந்தார். சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவரை இரண்டு கையாலும் இழுத்து வெளியே போட்டேன். கல்யாணப் பெண் ஒரு புருவத்தோடு படியில் இறங்கி ஓடினாள். கீழே பாத்திரக் கடைக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். ஆட்டோவில் என் மடியில் தலை வைத்திருந்த அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. மூச்சு உள்ளே போக வழி தேடுகிற சத்தம். சாமி, சாமி என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டினார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண். என்னவெல்லாம் கலந்தது என்று கேட்டார். அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அந்த மட்டுக்கு எனக்கு மனசாட்சி இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மூடுன ரூம்ல இது ரெண்டையுமா? யாரு கலந்தது?"

போலீஸ் வருமோ, கட்டட ஓனர் காலி பண்ணச் சொல்வாரோ, அந்தக் கட்டை விரல் அம்மாவுக்கு இது தெரிந்தால் ஊரே சிரிக்குமோ, எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடியது.

"அவங்கதானுங்க கலந்தாங்க. நான் முன்னாடி ரூம்ல இருந்தேனுங்க. எனக்குத் தெரியாதுங்க."

முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பச்சைப் பொய். அக்கா மாஸ்குக்கு மேலே கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் டாக்டரைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். ஆமாம், நான்தான் என்று.

அதன் பிறகு அந்தப் பொய்யை நான் எங்கேயும் தேட வேண்டியிருக்கவில்லை. தானாக வாயில் வந்தது. அலசவில்லையா என்று கணவர் கேட்டபோது, "அந்தக்கா மறந்துட்டாங்க" என்றேன். வந்தவர்கள் விசாரித்தபோதெல்லாம், எத்தனை தடவை சொல்லியும் கேட்காமல் கலந்துவிட்டார் என்றேன். ஐயோ பாவம் என்றும் சேர்த்துக்கொண்டேன். பார்லரில் எல்லாவற்றையும் மாற்றினேன். ஓட்டையிலிருந்த துணியைப் பிடுங்கி ஃபேன் மாட்டினேன், ஆளுக்கொரு துண்டு, கையுறை, அளவு போட்ட கிருமிநாசினி, எல்லாம் முறைப்படி. போர்டில் எழுதியது அப்போதுதான் உண்மையானது. அதை அனுபவிக்க அக்கா அங்கே இல்லை.

அக்கா பிழைத்துக்கொண்டார். ஆனால் மூச்சுக்குழாய் பழையபடி ஆகவில்லை. ஊதுபத்திப் புகை பட்டால் போதும், இழுக்க ஆரம்பித்துவிடும். என் பார்லரில் ஸ்ப்ரேயும் மெழுகும் இருப்பதால் அவரால் படியேறக்கூட முடியவில்லை. ரோட்டோரமாகக் காற்றாட இருக்கிற மருதாணிக் கடை ஒன்றில் வேலை கேட்டுப் போயிருக்கிறார். ஆசிட் கலந்த அம்மாதானே, எங்களுக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம். அந்தக் கடைக்காரி எனக்குத் தெரிந்தவள். அவளிடம் அந்தக் கதையைச் சொன்னதே நான்தான்.

இது காதுக்கு வந்த அன்று இருப்புக்கொள்ளவில்லை. அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். மகளை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். வண்டி ஓட்டிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கலக்கச் சொன்னது நான், கதவைச் சாத்தச் சொன்னது நான். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா மருந்து போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மகள்தான் கதவைத் திறந்தாள். காலேஜில் படிக்கிறவள். இங்கேயே பிறந்து வளர்ந்ததால் அவள் பேச்சு எங்கள் பேச்சு. உட்காரச் சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு ரொம்ப நாளா நெனச்சேனுங்க. எங்கம்மா எல்லாம் சொன்னாங்க. அவுங்க கவனமில்லாமப் பண்ணுனதுல உங்க கடைக்குத்தான் கெட்ட பேரு. மன்னிச்சுக்குங்க மேடம்."

ஊரையெல்லாம் விடுங்கள், பெற்ற மகளிடம்கூட அந்த மனுஷி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போதாவது சொல் என்று என்னை நானே பிடித்துத் தள்ளினேன். அவள் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்ல கண்ணு, உடு. தெரியாமப் பண்ணுனதுதானே" என்றேன்.

"இன்னொரு உதவிங்க. மருதாணிக் கடை அக்கா உங்க ஃபிரெண்டாமே? ஒருக்காத் தப்பு நடந்துருச்சு, இனிமே எங்கம்மா அப்படிப் பண்ணாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா எடுத்துக்குவாங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன். அன்று சாயங்காலமே அந்தக் கடைக்காரிக்குப் போன் போட்டு, "ஒருக்காத் தப்பு பண்ணீட்டாங்க, பாவம், இனிமே பண்ண மாட்டாங்க. நான் பொறுப்பு" என்று அதே வார்த்தைகளில் சொன்னேன். என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து அக்காவை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அக்கா என்னைப் போனில் கூப்பிட்டார். "ரொம்ப நன்றி மேடம். நீங்க நல்லா இருக்கணும்" என்றார். அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினார். உண்மையைச் சொல்ல அந்த இடைவெளி போதும். நான் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.