பிரேக் இல்லாத இருக்கை

அவர் வண்டி தெருவில் இறங்கினால் போதும், பின்னால் ஒரு ஊர்வலம் சேர்ந்துவிடும். முதலில் ஒரு மோட்டார் சைக்கிள், அதன் பின்னால் காய்கறி வேன், அப்புறம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட நேரமாகிப்போன ஒரு தகப்பன், கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பஸ். எல்லோருக்கும் கை ஹாரனில்தான். முன்னால் எல் போர்டு மாட்டிய வெளுத்த நீலக் கார், கல்யாணப் பெண்ணைப் போல அடிமேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ஊர்வலம் மாஸ்டர் என்று பெயர் வந்தது. பெயர் வைத்தவன் யாரோ தெரியாது. நிச்சயம் அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தவித்தவனாகத்தான் இருக்கும்.

மாஸ்டருக்கு அதில் வருத்தம் கிடையாது. அவர் உட்காருவது ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை. அங்கே அவர் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முக்கால்வாசி நடுவயதுப் பெண்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்கள். அவர்களிடம் ஒருநாளும் குரலை உயர்த்தக் கூடாது என்பது அவர் பாடம். கத்தினால் பயப்படுவார்கள், பயந்தால் கால் தவறாமல் ஆக்ஸிலேட்டரில்தான் விழும். அதனால் முதலில் காலை அழுத்து, வண்டி நிற்கட்டும், அப்புறம் வாயைத் திற. ஆயுளில் பாதியை இப்படியே ஓட்டியதில் அந்தக் கால் அவர் மூளையைக் கேட்பதையே விட்டுவிட்டது. "எனக்குச் சம்பளம் இந்தக் காலுக்குத்தான், வாய்க்கு இல்ல" என்று பெருமையாகச் சொல்வார்.

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள். இந்த வீட்டில் தகப்பன் ஓரடிகூடப் பாய்ந்ததில்லை, எல்லாவற்றையும் சேர்த்து மகன் பாய்ந்தான். அவன் வேலை அப்படி. சின்னச் சின்ன மருத்துவமனைகளில் எடுத்த இரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து நகரத்தின் மறுகோடியிலுள்ள பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாமதமானால் மாதிரி கெட்டுவிடும், நோயாளியை மறுபடியும் ஊசியால் குத்த வேண்டும். ஆகவே அவனுக்கு முன்னால் மெதுவாகப் போகிற ஒவ்வொருவனும் அவனுக்கு எதிரிதான்.

ஒருநாள் மாஸ்டரின் ஊர்வலத்தில் அவனே மாட்டிக்கொண்டான். ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு தையல்காரம்மா. வேர்த்து விறுவிறுத்து ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். மகன் நீளமாக ஹாரன் அடித்துவிட்டு, பக்கவாட்டில் வந்து கண்ணாடியை இறக்கினான்.

"அப்பா, இறங்கித் தள்ளுங்க. இதவிடச் சீக்கிரம் போயிடும்."

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அனல் பறந்தது. "நடுரோட்டுல பெத்த அப்பனப் பாத்து ஹாரன் அடிக்கிறான்" என்று மனைவியிடம் முறையிட்டார் மாஸ்டர்.

"நீங்கன்னு தெரிஞ்சதாலதான் ஹாரனோட விட்டேன். வேற யாராவதா இருந்தா வாயில வந்ததெல்லாம் சொல்லியிருப்பேன்" என்றான் மகன்.

"நல்ல கதைதான் போங்க" என்று சிரித்தாள் மனைவி. ஆனால் அவளுக்கும் இது பெரிய தலைவலிதான். மகன் காரில் மூவரும் எங்காவது போனால் மாஸ்டர் வீட்டு வாசலிலிருந்தே "மெதுவா, மெதுவா" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் சொல்லச் சொல்ல மகனுக்கு வேகம் ஏறும். வாய் இப்படியென்றால் கால் அதற்கு மேல். அந்தக் காரில் அவர் காலடியில் பிரேக் கிடையாது. அதனால் என்ன, எதிரே ஒரு காக்கை பறந்தாலும் அவர் கால் தரையை அழுத்தும். அந்த இடத்தில் விரிப்பு தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது.

கடைசியில் அவள்தான் ஒரு சட்டம் போட்டாள். "அவன் ஓட்டும்போது நீங்க வாயத் திறக்கக் கூடாது. நீ அப்பா வண்டிக்குப் பின்னால ஹாரன் அடிக்கக் கூடாது. மீறினவங்களுக்கு அன்னிக்குச் சாப்பாடு கிடையாது."

மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். காலை என்ன செய்வது என்று சட்டத்தில் சொல்லவில்லை.

"பாரும்மா, இப்ப காலால திட்டுறாரு" என்பான் மகன். அவள் பின் இருக்கையிலிருந்து ஆரஞ்சுச் சுளைகளை முன்னால் நீட்டுவாள். ஒன்று அவருக்கு, ஒன்று அவனுக்கு. இரண்டு வாயும் மென்றுகொண்டிருந்தால் வீட்டுக்கு நிம்மதி என்பது அவள் கணக்கு.

ஒருநாள் மூவரும் அவளுடைய அக்காவின் புது வீட்டைப் பார்க்கப் போனார்கள். நல்ல வெயில், அகலமான சாலை. முன்னால் ஒரு வெள்ளைக் கார், நடுச்சாலையில், தூங்குகிற குழந்தையை ஏற்றிக்கொண்டு போவது போலப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஒரு பெரியவர். ஓரமாகவும் ஒதுங்கவில்லை, வேகமும் பிடிக்கவில்லை. "உங்க ஆளுதான்" என்றான் மகன் பல்லைக் கடித்துக்கொண்டு. மாஸ்டர் பதில் சொல்லவில்லை. சட்டம் சட்டம்தான். கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எதிரே சாலை காலியானதும் மகன் வெளியே எடுத்து முந்தப் போனான்.

அப்போது மாஸ்டர் பார்த்தார். வெள்ளைக் காரின் முன்சக்கரம் இவர்கள் பக்கமாகத் திரும்பியது. விளக்கு எரியவில்லை, கை நீளவில்லை, சக்கரம் மட்டும் திரும்பியது. முதலில் திருப்பிவிட்டு அப்புறம் சைகை போடுகிற பழக்கம். அதைத் திருத்தித் திருத்தியே தலை நரைத்தவர் அவர். கண் பார்த்த கணத்திலேயே கால் போய்விட்டது. உடம்பின் பலம் முழுவதையும் சேர்த்துத் தரையை அழுத்தினார். வண்டி நிற்கட்டும், அப்புறம் வாயைத் திறக்கலாம் என்று காத்திருந்தார்.

வண்டி நிற்கவில்லை. வெள்ளைக் கார் குறுக்கே திரும்பியது. மகன் ஸ்டியரிங்கை ஒடித்தான். கார் சுழன்று, பின்பக்கம் விளக்குக் கம்பத்தில் மோதியது. பெரியவருக்கு ஒரு கீறல் இல்லை. முன்னால் இருந்த இருவருக்கும் சின்னக் காயங்கள். பின்னால் இருந்தவள் அங்கேயே போய்விட்டாள்.

"தப்பு என்னோடது. நான்தான் வேகமாப் போனேன்" என்று மகன் போலீஸிடம் சொன்னான், சித்தப்பா பெரியப்பாக்களிடம் சொன்னான், துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் சொன்னான். அவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வேகமாகப் போகிறவன்மேல் பழி போடுவதுதான் எவ்வளவு சுலபம். "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க, பாக்கலையா?" என்று மச்சினர் மாஸ்டரைக் கேட்டார். மகனும் நிமிர்ந்து பார்த்தான்.

"பாக்கல" என்றார் மாஸ்டர்.

அந்த ஒரு சொல் அவரைத் தின்றது. வாயில் சுளை இருந்தது, அதனால்தான் சத்தம் வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பொய். சுளையை எப்போதோ விழுங்கியிருந்தார். அவள்தானே வாயைத் திறக்கக் கூடாது என்றாள் என்றும் ஒருநாள் நினைத்துவிட்டார். நினைத்ததற்காக அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டருக்கென்று தனியாக ஒரு கண்ணாடி உண்டு, பின்னால் வருகிற வண்டிகளைப் பார்ப்பதற்காக. அதில் இப்போது பின்னிருக்கையும் தெரிந்தது, இருக்கையில் அவளும் தெரிந்தாள். மடி நிறையப் பழத்தோல். அழவில்லை, கோபிக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறவளின் முகம். மாஸ்டர் கண்ணாடியைக் கூரைப்பக்கம் திருப்பிவிடுவார். ஸ்கூல் முதலாளி அதை நேராக்குவார், இவர் மறுபடி திருப்புவார். அந்த முகத்தைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கால் இன்னும் மோசம். பஸ்ஸில் அழுத்தியது, முடிவெட்டுகிற நாற்காலியில் அழுத்தியது. வீட்டில் இரண்டு ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது மேசைக்கடியில் அழுத்தியது. ஒவ்வொரு முறையும் மகன் பாதியில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். இவனுக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார் மாஸ்டர்.

மகன் வேலையை விட்டுவிட்டான். கார் பக்கமே போவதில்லை. எவ்வளவு தூரமானாலும் நடைதான். நன்றாகத் தோள் விரிந்திருந்த பையன் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டான். உண்மையைச் சொன்னால் அவன் நிமிர்ந்துவிடுவான் என்று மாஸ்டருக்குத் தெரியும். ஆனால் அப்புறம் அவனுக்கு அப்பா என்று ஒருவர் இருக்கமாட்டார். சொல்லாவிட்டால் அப்பா இருப்பார், மகன் இருக்கமாட்டான். இதை வைத்துக்கொண்டு அவர் மாதக்கணக்கில் புழுங்கினார்.

அப்படியிருக்க, ஒரு காலையில் கற்றுக்கொள்ள வந்தவர்களோடு மகனும் வந்து நின்றான்.

"லேபுல திரும்பக் கூப்பிடுறாங்க. எனக்கு மொதல்லருந்து கத்துக்குடுங்க" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

மாஸ்டர் மற்றவர்களை அனுப்பிவிட்டு அவனை மட்டும் ஏற்றிக்கொண்டார். நடக்கிறவர்கள் முந்திப் போகிற வேகத்தில் ஓட்டினான் மகன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான், நெற்றியில் வேர்வை. பின்னால் ஊர்வலம் சேர்ந்தது. ஹாரன் மேல் ஹாரன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் தோள் குறுகியது. ஒருவன் முந்திக்கொண்டு போகும்போது தலையை நீட்டி, "வண்டி ஓட்டத் தெரியலன்னா வீட்ல இருக்க வேண்டியதுதானே" என்றான்.

மாஸ்டருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நான் பாத்தேன்டா" என்றார்.

மகன் திரும்பவில்லை.

"அந்தக் கார் திரும்பப் போறத நான் முன்னாடியே பாத்தேன். சக்கரம் திரும்புச்சு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ நிறுத்தியிருப்ப. சொல்லல. இல்லாத பிரேக்க அழுத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் பாக்கலன்னு உன் முன்னாடியே பொய் சொன்னேன். உங்கம்மா போனது என்னாலதான்."

பின்னாலிருந்து பஸ்காரன் ஹாரனை அழுத்தி அடித்தான். மகன் வண்டியை ஓரத்துச் சந்துக்குள் திருப்பினான். அங்கே ஆள் நடமாட்டமே இல்லை. இரண்டு பக்கமும் கிடங்குச் சுவர்கள்தான். கார் ஊர்ந்துகொண்டே இருந்தது.

"உங்க கால் அழுத்தினத நான் பாத்தேம்ப்பா" என்றான் மகன்.

மாஸ்டருக்கு முதலில் புரியவில்லை.

"ஓரக்கண்ணால பாத்தேன். எப்பவும் அழுத்துறதுதானே. அன்னிக்கும் காலால திட்டுறீங்கன்னு நெனச்சேன். எரிச்சல் வந்துச்சு. அந்த எரிச்சல்லதான் இன்னும் கொஞ்சம் மிதிச்சேன்." அவன் குரல் உடைந்தது. "நீங்க என்கிட்டச் சொல்லித்தான் இருந்தீங்க. நான்தான் கேக்கல. வீட்ல மேசைக்கடியில உங்க கால் போறப்பல்லாம் அதான் கண்ணுக்கு முன்னாடி வருது. சோறு எறங்க மாட்டேங்குது."

மாஸ்டர் மகனைப் பார்த்தார். தன்னை வெறுக்கிறான் என்று நினைத்து இத்தனை நாள் ஒரே கூரைக்குக் கீழே ஒதுங்கி ஒதுங்கி வாழ்ந்தாரே, அவனும் அதேபோல அவரிடமிருந்து ஒதுங்கி வாழ்ந்திருக்கிறான். அழுகை வந்தது. ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஒருவர் மன்னித்துவிட்டு முடித்துக்கொள்கிற காரியமாக இது இல்லை. இனி இருவரும் சேர்ந்து சுமக்க வேண்டியதுதான்.

"இனிமே காலால வேணாம்ப்பா" என்றான் மகன். "எதுவா இருந்தாலும் வாயால சொல்லிடுங்க. எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

மாஸ்டர் தலையாட்டினார். கார் நத்தைபோலப் போய்க்கொண்டிருந்தது. சந்து நேராக, வெறிச்சென்று, வெயிலில் கிடந்தது. அவர் இரண்டு கால்களையும் பின்னால் இழுத்து இருக்கைக்கடியில் மடக்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"நிறுத்து" என்றார்.

மகன் உடனே நிறுத்தினான். முன்னால் சாலையில் எதுவுமே இல்லை. ஏன் என்று அவன் கேட்கவில்லை.