வீட்டுக்கு ஓர் ஆள்

எழுபத்தொன்றில் போர் வந்தபோது நான் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திர ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பில் ஐரோப்பாவின் இடைக்கால நகரங்கள் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. அரசன் போருக்குக் கூப்பிட்டால் நகரம் தன் செலவில் ஆள் அனுப்ப வேண்டும். மதில் காவலுக்கு வீட்டுக்கு ஒருவர் முறைபோட்டு நிற்க வேண்டும். பதிலுக்கு, தன் காரியங்களைத் தானே பேசி முடிக்கும் உரிமை நகரத்துக்குக் கிடைக்கும். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே கொட்டாவி வந்தது.

சேலையூரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில்தான் விமானத் தளம். பொழுது சாய்ந்தபின் வெளியே வெளிச்சம் தெரியக் கூடாது என்று உத்தரவு. தினமும் ஒரு வீட்டு ஆள் தெருவைச் சுற்றிவந்து விளக்குகளைக் கவனிக்க வேண்டும் என்று தெருச் சங்கம் முறை வைத்தது. சங்கச் செயலாளர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"உங்க வீட்ல ஜென்ட்ஸ் யாரும் இல்லையே டீச்சர். உங்களை விட்டுட்டோம், கவலைப்படாதீங்க."

நல்ல மனிதர். அந்த நல்ல மனசுதான் எனக்கு எரிச்சல் மூட்டியது. அப்பா இறந்ததிலிருந்து இதே கதை. தெருக் குழாய் எங்கே போடுவது என்ற பேச்சிலும் எங்களை விட்டுவிட்டார்கள், குழாய் தெருக்கோடிக்குப் போய்விட்டது. குடம் சுமந்த இடுப்புக்குத்தான் அந்தத் தூரம் தெரியும்.

"நாங்களும் இந்தத் தெருவுல ஒரு வீடுதானே சார்? எங்க முறை என்னைக்கு?" என்றேன். அவர் தலையைச் சொறிந்து, வெள்ளிக்கிழமை என்றார்.

"உனக்கு ஏண்டி இந்த வம்பு?" என்றாள் அம்மா. அப்பா போனபின் இருட்டிவிட்டால் அவள் வாசற்படி தாண்டியதே இல்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்ற பயம்.

வெள்ளிக்கிழமை எனக்கு நல்ல ஜுரம். எழுந்தால் தலை சுற்றியது. செயலாளர் டார்ச்சோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ரெஸ்ட் எடுங்க டீச்சர். அடுத்த வீட்ல சொல்லிக்கிறேன்."

இனி எங்களை எதற்கும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தது. படுத்தபடியே அழுதுவிட்டேன்.

அம்மா அடுப்பை அணைத்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து செருப்பை எடுத்தாள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போய், அவர் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டாள்.

"எந்த வீட்லேருந்து ஆரம்பிக்கணும் சார்?"