மூன்றாவது முகவரி

ஸ்ஃபாக்ஸ் நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் கணினி வலையைக் கட்டிக் காத்தவள் ரவுதா. நிச்சயம் செய்த கல்யாணம் கலைந்த வாரத்தில்கூட வேலைக்கு வந்தவள். மாடிக்கு மாடி கணினிகளை இணைத்த சுவிட்ச், ரவுட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் போட்டிருந்தாள். இரண்டு கணினிகளின் ஐபி முகவரி எண்ணிலிருந்து வந்தால்தான் அவற்றுக்குள் நுழைய முடியும். வேறெங்கிருந்து வந்தாலும், பாஸ்வேர்டு சரியாகவே இருந்தாலும், திறக்காது. ஒன்று அவளுடைய கணினி. மற்றது, அவளே சிபாரிசு பண்ணி வேலைக்குச் சேர்த்த மொன்ஜியுடையது.

நிர்வாகி நௌஃபலுக்கு இது உறுத்தியது.

"என் வீட்டு லேப்டாப்பையும் சேர்த்துடும்மா. உக்காந்த இடத்துலயே பாத்துக்குவேன்."

"வேணாம் சார். அதுல உங்க பசங்க விளையாடுறாங்க. அது வழியா எவனாவது புகுந்தா மொத்த ஆஸ்பத்திரியும் அவன் கையில."

"உங்க அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி பேசுற."

அவள் அதைச் சேர்க்கவே இல்லை.

அம்மா இறந்து, துக்கத்துக்காகக் கெர்கெனா தீவுக்கு அவள் படகேறிய வாரத்தில் நௌஃபலின் பேச்சைக் கேட்டு மொன்ஜி அந்த மூன்றாவது முகவரியைச் சேர்த்துவிட்டான். அவள் பயந்தபடியே எவனோ அது வழியாகப் புகுந்தான். ரத்தப் பரிசோதனை முடிவுகள் அத்தனையும் அழிந்தன.

விசாரணையில் நௌஃபல் கையை விரித்தார். "எனக்கு இந்த ஐபி கிபியெல்லாம் என்ன தெரியும்?"

மொன்ஜி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அக்கா ஊருக்குக் கெளம்பும்போது சேர்க்கச் சொன்னாங்க. துக்கத்துல மறந்திருப்பாங்க."

அந்தப் பரிவுதான் அவளைக் கொன்றது. வேலை போனது. அவள் நாற்காலி மொன்ஜிக்குப் போனது. அவள் ஒரு செல்போன் கடையில் உடைந்த திரை மாற்றும் வேலைக்குப் போனாள்.

குளிர்காலத்தில் மொன்ஜி போன் பண்ணினான். "அக்கா, அந்த முகவரிப் பட்டியலைத் திருத்தினேன். என் நம்பரே தப்பா விழுந்துடுச்சு, உள்ள போக முடியல. ரத்தப் பரிசோதனை லேப்பையும் சேர்த்து அடைச்சுட்டேன். நோயாளிங்க காத்திருக்காங்க."

போகக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் போனாள். ரவுட்டரிலேயே, முகவரி கேட்காத வாசலில், நேரடியாகக் கேபிளைச் செருகி, தப்பைத் திருத்தினாள். லேப் ஓடத் தொடங்கியது.

"நல்லா ஓடிட்டிருந்ததை எதுக்குத் திருத்தின?"

"நௌஃபல் சார் புது லேப்டாப் வாங்கியிருக்காரு. அதைச் சேர்க்கச் சொன்னாரு."

அவள் கேபிளைச் சுருட்டினாள்.

"என்னை மன்னிச்சுடுக்கா. எனக்கும் குடும்பம் இருக்கு."

"எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். இங்க நீ சொல்றத யார் கேக்கப் போறா?"

அவன் வாங்கி வைத்த காப்பி ஆறிக் கிடந்தது. அவள் தொடவில்லை.

வராந்தாவில் எதிரே வந்த நௌஃபல், குழாய் ரிப்பேர் பார்க்க வந்த ஆளைக் கேட்பதுபோல, நடந்தபடியே கேட்டார்: "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றாள்.