பச்சைக் கோடு

மெல்வின் ஸ்ட்ராண்ட் முதலில் ரேடியோவை அணைப்பார். பிறகு கைபேசியைச் சமையலறையில் மனைவி டோரீனிடம் கொடுத்துவிட்டு வருவார். மேசையில் ஒரே ஒரு வெடிமருந்து டப்பாவை வைத்துக்கொண்டு மற்றவற்றை அலமாரியில் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டால் அதன் பிறகு அவரிடம் யாரும் பேசக்கூடாது. கராஜ் கதவை யாராவது திறந்தால் திரும்பிப் பார்க்காமலே, "எண்ணிக்கிட்டிருக்கேன்" என்பார். உண்மையில் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். ஆனாலும் அந்தச் சொல்லுக்கு எங்கள் தெருவில் மரியாதை உண்டு. வந்தவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்.

மொன்டானாவில் எங்கள் சிற்றூரில் பாதிப்பேர் இந்த வேலை தெரிந்தவர்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, அடியில் பொறி தட்டும் புதுக் கேப்பு பொருத்தி, மருந்து கொட்டி, ஈயக்குண்டை மேலே அழுத்தி மறுபடி தோட்டாவாக்குவோம். கடைத் தோட்டா வாங்கிச் சுடுகிறவனை எங்கள் துப்பாக்கி கிளப்பில், வீட்டில் சமையல் இருக்க ஹோட்டலில் சாப்பிடுகிறவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். நானும் இருபது வருடமாகச் செய்கிறேன். மெல்வினுடைய வீட்டுக்குப் பின்சந்தில் எதிர்வீடு என்னுடையது.

அவருக்கு எழுபத்து மூன்று வயது. மெலிந்த உடம்பு, பெரிய காதுகள், இரண்டு கண்ணாடிகள்: ஒன்று மூக்கில், இன்னொன்று நெற்றியில். முப்பத்தோரு வருடம் ரயிலடிப் பக்கத்துத் தானியக் கிடங்கில் கோதுமை லாரிகளை எடை போட்டவர். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை விவசாயிகள் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள்.

யாரையும் விடாமல் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அடுப்பை அணைத்துவிட்டதாக டோரீன் சொன்னால், "பாத்தியா, பாத்ததா நெனச்சியா?" என்பார். கேட்டைச் சாத்திவிட்டேன் என்று நான் சொன்னாலும் அதேதான். போன ஞாயிற்றுக்கிழமை உங்களைத் தேவாலயத்தில் பார்த்தேனே என்ற பாதிரியாரையும் அவர் விடவில்லை. "நான் செத்துட்டேன்னு டாக்டரே வந்து சொன்னாலும் இந்த மனுஷன் இதத்தான் கேப்பாரு" என்பது டோரீனின் குறை.

கேள்வி பிறந்த இடம் அந்த மேசைதான். ஒரு கூட்டில் மருந்து விழாமல் போனால், கேப்பின் வேகத்தில் மட்டும் குண்டு கிளம்பித் துப்பாக்கிக் குழலுக்குள் பாதியில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளந்து முகத்துக்கு வரும். மருந்து இரண்டு முறை விழுந்துவிட்டாலோ முதல் சூட்டிலேயே துப்பாக்கி கையில் வெடிக்கும். அதனால் மெல்வின் ஐம்பது கூடுகளை மரக்கட்டையின் குழிகளில் நிறுத்தி, டார்ச் அடித்து, வரிசை வரிசையாக உள்ளே எட்டிப் பார்ப்பார். ஒருமுறை இடமிருந்து வலமாக, ஒருமுறை வலமிருந்து இடமாக. பிறகுதான் குண்டை வைப்பார். முடித்த தோட்டா ஒவ்வொன்றின் அடியிலும் பச்சை மையால் ஒரு கோடு. சுட்ட பிறகு தரையில் கிடக்கும் குவியலில் தன் கூடு எது என்று தெரிய வேண்டுமல்லவா?

அடுத்தவர் போட்ட தோட்டாவைச் சுடுவதில்லை என்பது எங்கள் கிளப்பின் எழுதாத சட்டம். அண்ணன் தம்பியானாலும் சரிதான். மெல்வினுடையதை நான் கேட்டதில்லை, அவரும் தந்ததில்லை. இதற்கு விதிவிலக்கு கர்டிஸ் ஒருவர் மட்டுமே. குளிர்பெட்டி பழுது பார்க்கிற கர்டிஸ் பருத்த ஆள். சுடும்போதுகூட வாய் ஓயாது. இருபத்தாறு வருடமாக மெல்வின் போட்ட தோட்டாவைத் தவிர வேறெதையும் அவர் தன் ரிவால்வரில் வைத்ததில்லை. தோட்டா போடுகிற பிரஸ் ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள்ளேன் என்று யாராவது சொன்னால், "எனக்கு எதுக்கு பிரஸ்? எனக்குத்தான் மெல்வின் இருக்கானே" என்பார். அந்த நேரத்தில் மெல்வின் எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவார். சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

சனிக்கிழமைப் போட்டியில் கர்டிஸ் ஆறு சுட்டதும் கூடுகளை உதறிக் கையில் வாங்குவார். மெல்வின் பின்னாலிருந்து ஒரு பழைய காப்பி டின்னை நீட்டுவார். கலகலவென்று விழும். கூடுகள் கராஜுக்குப் போய் அடுத்த சனிக்கிழமை தோட்டாவாகத் திரும்பி வரும். பெட்டியின் மேல் பென்சிலில் 'கர்டிஸ்' என்று எழுதித் தேதி போட்டிருக்கும்.

போன இலையுதிர் காலத்தில் மெல்வினுக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. பழைய பிரஸ்ஸில் ஒரு தோட்டாவுக்கு நான்கு முறை கைப்பிடியை இழுக்க வேண்டும். ஐம்பது போட இருநூறு இழுப்பு. தோள் தாங்கவில்லை. மார்ச் மாதம் கர்டிஸ் ஒரு கனமான அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். உள்ளே புதுவகைப் பிரஸ். வட்டமான தட்டில் கூடுகள் சுற்றி வரும். ஒரு இடத்தில் கேப்பு, அடுத்த இடத்தில் மருந்து, அதற்கடுத்த இடத்தில் குண்டு. ஒரே இழுப்பில் எல்லா வேலையும் நடந்து, முடிந்த தோட்டா ஒன்று பெட்டியில் விழும். "டேய், இனிமே நீ உக்காந்த இடத்துல கையாட்டினா போதும்" என்றார் கர்டிஸ்.

அதை நிறுவ மெல்வினுக்கு மூன்று வாரம் பிடித்தது. போல்ட்டு போட்டு முடுக்கியதும் மேசை ஆடியது. மேசைக்கு அடியில் இரண்டு தடிக்கட்டைகள் கொடுத்தார். தட்டு வெடுக்கென்று திரும்பும்போது கூட்டிலிருந்து மருந்து சிதறியது. ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றி, ஒரு சுற்றுக் குறைத்து, மறுபடி மாட்டினார். மருந்து விழும் அளவைத் தராசில் நிறுத்துப் பார்த்தார். இரண்டு குன்றிமணி கனம்கூட வராத தூள். நூறு முறை கொட்டி நூறு முறை நிறுத்தார். கையேட்டில் அவருக்குப் பிடிக்காத வரிகளின் கீழ் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். கிட்டத்தட்ட எல்லா வரிகளின் கீழும் கோடு இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் எட்டிப் பார்ப்பதற்கு வழியில்லை. மருந்து விழுந்த கூடு தெரிவது ஒரு நொடிதான், அதுவும் இரும்புத் தண்டு ஒன்றுக்குப் பின்னால். பல் டாக்டரின் சின்னக் கண்ணாடி ஒன்றை வாங்கி வளைத்துக் கட்டினார், குட்டி விளக்கு ஒன்றையும் ஒட்டினார். அப்படியும் முகம் தெளியவில்லை. "பழசு நான் பாக்கற வரைக்கும் நிக்கும். இது நிக்காது" என்றார். இழுக்கும்போது உதடுகள் அசைவதைக் கவனித்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் "பாத்தேன்... பாத்தேன்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சில சமயம் கையை நிறுத்தி, "பாத்தேனா?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார்.

மே மாதம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அதைச் செய்தவன் நான். ஏணி இரவல் வாங்கப் போய்க் கராஜ் கதவைத் திறந்தேன். ஒரு கேப்பு கோணலாகச் சிக்கி, தட்டு பாதியில் நின்றிருந்தது. மெல்வின் இரண்டு கூடுகளை வெளியே எடுத்துக் கையில் வைத்திருந்தார். "எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றார். ஏணிதானே என்று நான் உள்ளே போய் எடுத்தேன். எடுத்தவன் சும்மா போகாமல் ஆலங்கட்டி மழையில் என் கூரை பட்ட பாட்டைச் சொன்னேன். இரண்டு நிமிடம் இருக்கும். பிரஸ் சிக்கினால் தட்டில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் கதவைச் சாத்தும்போது அவர் அந்த இரண்டையும் திரும்பத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஜூன் முதல் சனிக்கிழமை நான் சுடுகிறவர்களின் வரிசைக்குப் பின்னால் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். கர்டிஸ் வேகச்சூட்டில் இருந்தார். மூன்றாவது வெடிக்கு வெடிச்சத்தமே இல்லை; பொட்டென்று ஒரு சின்ன ஓசை. நான் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். கர்டிஸின் விரல் அடுத்த இழுப்பில் பாதி வரை போயிருந்தது. நின்றுவிட்டது. பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தோம். பாதிக்கு மேல் போகவில்லை.

கர்டிஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "விடுடா மெல்வின். இன்ஷூரன்ஸ் பணம் வரும்னு இருந்த என் பொண்டாட்டி ஏமாந்து போனா, அவ்வளவுதான்" என்றார். மெல்வின் பெட்டியில் மீதியிருந்த தோட்டாக்களைக் காப்பி டின்னில் கொட்டிக்கொண்டு காருக்குப் போனார்.

அன்று மாலையிலிருந்து நான்கு நாட்கள் சுத்தியல் சத்தம் கேட்டது. தோட்டாவைப் பிரிக்க ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் உண்டு; உள்ளே தோட்டாவை மாட்டித் தரையில் ஓங்கி அடித்தால் குண்டு கழன்று விழும். புதுப் பிரஸ்ஸில் போட்டதில் மிச்சம் அறுநூற்று நாற்பது இருந்தன. சிகிச்சை செய்த தோளோடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அடித்துப் பிரித்தார். ஒவ்வொன்றின் மருந்தையும் தராசில் நிறுத்தார். நான்காம் நாள் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்து, இரவல் வாங்கிய ஏணியையும் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பிரஸ்மேல் ஒரு குளியல் துண்டைப் போட்டு மூடியிருந்தார். தராசுத் தட்டில் இரட்டை அளவு மருந்து இருந்தது. அது கர்டிஸின் பெட்டியில் மீதியிருந்த ஒரே தோட்டாவிலிருந்து வந்தது.

நான் உடைந்துபோய்விட்டேன். அன்றைக்கு நான் வந்து பேச்சுக் கொடுத்ததால்தான் இப்படி ஆனது, கையிலிருந்த மருந்து விழுந்த கூடும் விழாத கூடும் இடம் மாறிவிட்டன, தப்பு என்னுடையது என்றேன்.

"நீ வந்தது எனக்கு ஞாபகமே இல்ல, ரஸ்" என்றார். பிறகு சொன்னார்: "அந்தக் காலிக் கூட்டுக்குள்ள நான் பாத்தேன். மருந்து இருந்துச்சு. இப்பவும் கண்ணுல அப்படியே நிக்குது. அதுதான் பயமா இருக்கு."

ஏணியைக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் கர்டிஸ் வந்தார். குழலில் சிக்கிய குண்டைத் தட்டி எடுத்தாயிற்று, துப்பாக்கி நன்றாக இருக்கிறது, அடுத்த வாரச் சனிக்கிழமைக்கு ஒரு பெட்டி வேண்டும் என்றார். கடையில் வாங்கிக்கொள் என்றார் மெல்வின். "கடைத் தோட்டா சுட நான் என்ன சுற்றுலா வந்தவனா? நீ போட்டாத்தான் சுடுவேன், இல்லன்னா சுடமாட்டேன். உன் இஷ்டம்." குரலில் குறையொன்றும் இல்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன், நம்பினேன்.

மெல்வின் பழைய பிரஸ்ஸை எடுத்தார். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது என்று ஆறு நாளில் ஐம்பது போட்டார். ஒவ்வொன்றின் மருந்தையும் தனித்தனியாக நிறுத்தார். கட்டையில் நிறுத்தி டார்ச் அடித்து முதலில் தானே பார்த்தார். டோரீனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். மறுபடி தான் பார்த்தார். பச்சைக் கோடு போட்டார். பெட்டியில் பெயரும் தேதியும் எழுதினார். வெள்ளிக்கிழமை அவர் அதைக் கர்டிஸிடம் கொடுத்துவிட்டு வந்து, இரண்டு வாரத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டதாக டோரீன் என்னிடம் சொன்னாள்.

சனிக்கிழமை காற்று அதிகம். கர்டிஸ் அந்தப் பெட்டியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேடைமேல் வைத்தார். மெல்வினின் கையெழுத்து மேலே இருந்தது. மெல்வின் வழக்கம்போல அவருக்குப் பின்னால் டின்னோடு நின்றார். கர்டிஸ் ஆறு தோட்டாவை நிரப்பி, ஏதோ வேடிக்கை பேசிக்கொண்டே சுட்டார். முதல் வெடியிலேயே மெல்வின் தலை நிமிர்ந்தது. எனக்கும் கேட்டது. மெல்வின் போடுகிற தோட்டாவின் சத்தம் அடக்கமாக இருக்கும். இது கூர்மையாக இருந்தது.

ஆறும் முடிந்தது. கர்டிஸ் கூடுகளை உதறிக் கையில் வாங்கினார். இருபத்தாறு வருடப் பழக்கம், கை தானாகப் பின்னால் நீண்டது. டின்னில் கலகலவென்று விழுந்தது. விழுந்த பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பேச்சு நின்றுவிட்டது, இலக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெல்வின் டின்னுக்குள் விரலை விட்டு ஒன்றை எடுத்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, கூட்டைத் திருப்பி அடியைப் பார்த்தார். கடைக் கூட்டின் புதுப் பித்தளை பளபளத்தது. கோடு இல்லை. அடுத்ததை எடுத்துப் பார்த்தார். ஆறையும் பார்த்தார். பிறகு ஒரு அடி முன்னால் வந்து, திரும்பிப் பார்க்காமல் நின்ற கர்டிஸின் ஜாக்கெட் பைக்குள் அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு, காற்றில் விரிந்த பையின் மூடியை இழுத்து, பொத்தானைப் போட்டுவிட்டார்.